விளக்கை அணைத்த பிறகும்

குடலுக்குள் விட்டிருந்த குழாயின் நுனி விளக்கை டாக்டர் அணைத்த பிறகும், திரையில் அந்தப் பச்சைப் புள்ளி போகவில்லை.

"திரை மக்கர் பண்ணுது," என்றார் டாக்டர்.

நர்ஸுக்கு அப்படித் தோன்றவில்லை. படுத்திருந்தவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். போன வருடம் அவன் பெருங்குடலிலிருந்து கட்டியை வெட்டியெடுத்தார்கள். மிச்சம் மீதி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இன்றைய சோதனை. ஊசியில் ஏற்றிய நானோ துகள்கள், கண்ணுக்கே தெரியாத அந்தப் பொடி, கட்டியில் மட்டும் போய் ஒட்டும். விளக்கு பட்டால் பச்சையாக மினுங்கும். விளக்கு போனால் வெறும் தூசி. அவளுக்கென்று இருப்பது இவன் ஒருவன்தான். காலையிலிருந்து அவள் வேண்டாத தெய்வமில்லை.

"என்ன பாப்பா, உள்ள வீடு பாக்குறீங்களா? வாடகைக்கு விடுறதா இல்ல," என்று அரைமயக்கத்தில் அண்ணன் முனகினான்.

"சும்மா படுண்ணா." அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருந்த அந்த அறையில், உறிஞ்சும் இயந்திரம் இழுத்து இழுத்து மூச்சுவிடும் சத்தத்துக்கும், கிருமிநாசினி நெடிக்கு அடியிலிருந்து மெல்லக் கிளம்பிய, நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தாற்போன்ற ஈர வாடைக்கும் நடுவே, அந்தப் புள்ளி இரண்டாகி, இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நழுவி மேலே போவதை அவள் பார்த்தாள். கட்டி எங்கேயாவது நகருமா?

"டாக்டர், நகருது."

"உங்க அண்ணன்ங்கிறதால பயப்படுறீங்க, சிஸ்டர்." சொன்னாரே தவிர, அவர் குரலும் சரியாயில்லை. குழாயை உருவினார், எல்லாவற்றையும் நிறுத்தினார், "டெக்னீஷியனைக் கூட்டிட்டு வரேன்," என்று வெளியே போனார். திரை கறுத்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

அறை விளக்கைப் போடச் சுவர்ப் பக்கம் நடந்தாள். சுவிட்சில் இன்னும் கை வைக்கவில்லை. எதிரே அந்தச் சுவரில் அவள் நிழல் விழுந்தது.

சுற்றிலும் பச்சை வெளிச்சம்.

பின்னாலிருந்து.

"பாப்பா..."

அண்ணன் குரல்தான். நிழல் இன்னும் கறுத்தது.

"இங்க பாரு பாப்பா."

திரும்பினாள்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்திருந்தான். கண்கள் மூடியிருந்தன. வாய் மட்டும் அகலத் திறந்திருந்தது. பற்களுக்குப் பின்னால், தொண்டை முழுக்க, பச்சையாக நெளிந்துகொண்டிருந்தது. உதடுகள் அசையவேயில்லை. ஆனாலும் அந்தக் குரல், அதே செல்லத்தோடு, இன்னொரு தரம் அழைத்தது.

"பாப்பா."