ஆறாவது தலை

நேற்று ஐந்து தலைகள் இருந்தன. இன்று ஆறு இருந்தன.

செழியன் முதலில் அதைக் கண்டுகொள்ளவில்லை. எவனோ ஒரு புண்ணியவான் தியேட்டருக்குள் கேமராவை ஒளித்துக் கொண்டுபோய்த் திருட்டுத்தனமாக எடுத்த படம் அது. அப்படிப்பட்ட படங்களில் திரையின் அடியில் முன்வரிசைக்காரர்களின் தலைகள் கருப்புக் கருப்பாக வரிசைகட்டி நிற்கும், நடுவில் ஒருத்தர் எழுந்து போவார், கதாநாயகி அழும் நேரம் பார்த்து யாராவது தும்முவார்கள். ஓசியில் பார்க்கிறவன் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள முடியுமா? ஆனால் அந்தத் தலைகளுக்கு அவன் மகள் கவிநிலா நேற்றே பெயர் வைத்திருந்தாள். வழுக்கை மாமா, கொண்டை ஆன்ட்டி, தொப்பி அண்ணன், காது மாமா, தூங்குமூஞ்சி. பெயர் வைத்த பிள்ளைக்குக் கணக்குத் தவறாது.

"அப்பா, புதுசா ஒருத்தர் வந்திருக்காரு பாரு."

வலது ஓரத்தில், தூங்குமூஞ்சிக்கு அடுத்து ஒரு நீளமான கழுத்து. அதன்மேல் சின்னதாக ஒரு தலை. சிரிப்புக் காட்சியில் மற்ற தலைகள் எல்லாம் குலுங்கின. அது அசையவே இல்லை.

"நேத்து நீ சரியா பாத்திருக்க மாட்ட."

"பாத்தேன். அந்த சீட்டு காலியா இருந்துச்சு."

செழியன் கலெக்டர் ஆபீசில் கிளார்க். வேங்கிக்காலில் ஆபீசுக்குப் பின்னால் முளைத்த புதுத் தெரு ஒன்றில், கீழ்ப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தான். போன மாதம் வரை அவன் டிஸ்க் ஆள். சனிக்கிழமையானால் ரபீக் பாயின் டிவிடி கடைக்குப் போய் இரண்டு படம் எடுத்து வருவான், கீறல் விழுந்திருந்தால் பனியன் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்துப் போடுவான். டிஸ்க்கில் அவனுக்குப் பிடித்ததே அதன் யோக்கியம்தான். ஒரு இடத்தில் சிக்கினால் எத்தனை முறை போட்டாலும் அதே இடத்தில்தான் சிக்கும். வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்ததும் பாய் கடைப் பக்கம் போவது நின்றுபோனது. வழியில் பார்த்தபோது பாய், "இன்னா சார், வீட்லயே தியேட்டர் கட்டிட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். அதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

டவுன்லோடு பண்ணக் கற்றுக்கொடுத்தவன் பக்கத்து சீட்டு முருகையன். "ஒரே எடத்துலருந்து வராது சார். எந்தெந்த ஊர்லயோ எவனெவன் வீட்லருந்தோ துண்டு துண்டா வந்து சேரும். அதே மாதிரி நம்ம வீட்லருந்தும் போய்க்கினே இருக்கும்" என்றான். என்ன போகும் என்று செழியன் கேட்கவில்லை. படம் இறங்கி முடிந்த பிறகும் பிராட்பேண்ட் பெட்டியின் பச்சை விளக்கு இரவெல்லாம் சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதை அவன் பெரிதாக நினைத்ததில்லை.

அன்று கார்த்திகை தீபம். மனைவி வள்ளி அகல் விளக்கு வாங்கிக்கொண்டு அம்மாவையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலையிலேயே கீழ்பென்னாத்தூர் போயிருந்தாள். ஊரைச் சுற்றிப் போலீஸ்காரர்கள் பஸ்களை மறித்துவிட்டதாகவும், நடந்து வருவதாகவும், தீபத்துக்குள் வந்துவிடுவதாகவும் மத்தியானம் போன் பண்ணினாள். வெளியே சனம் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. வெள்ளாமை நிலத்தில் போட்டிருந்த தற்காலிக பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒலிபெருக்கி ஓயாமல் கத்தியது. காணாமல் போன பிள்ளைகளின் பெயர், போட்டிருந்த கவுனின் நிறம், பெற்றவர்கள் உடனே வரவும். அதைக் கேட்கும்போதெல்லாம் செழியன் திரும்பி மகளை ஒருமுறை பார்த்துக்கொண்டான். தவமாய்த் தவமிருந்து பெற்ற ஒரே பிள்ளை. இந்தக் கூட்டத்துக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்று வள்ளியிடம் சத்தியம் பண்ணியிருந்தான். வீட்டுக்குள் இருந்தால் பயமில்லை.

"மறுபடி மொதல்லருந்து போடுப்பா," என்றாள் கவி.

போட்டான். நீளக் கழுத்து இப்போது தூங்குமூஞ்சிக்கும் காது மாமாவுக்கும் நடுவில் இருந்தது.

அவன் நெருங்கிப் போய்ப் பார்த்தான். "மறைக்காதப்பா," என்று அவள் சிணுங்கினாள். விலகிக்கொண்டான். அப்போதுதான் அந்த வாடை வந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் விசிறி ஊதிய வெதுவெதுப்பான காற்றில் பழைய தியேட்டரின் வாடை, ஈரம் ஏறிய சீட்டுப் பஞ்சும் வெற்றிலை எச்சிலும் பலர் வேர்த்து உட்கார்ந்திருந்த புழுக்கமும் கலந்து, அறையின் மூலைகளில் மெல்லத் தங்க ஆரம்பித்தது. தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு குக்கர் விசில் கேட்டது. அதன் பின்னால் கிளி கத்துகிற மாதிரி ஒரு காலிங் பெல். அந்தக் கிளி பெல்லை வள்ளிதான் பிடிவாதம் பிடித்து வாங்கி வாசலில் மாட்டினாள்.

செழியன் வாசலுக்குப் போய்ப் பார்த்தான். யாரும் இல்லை. அடுப்பில் குக்கரும் இல்லை.

திரும்பி வந்தபோது ஸ்பீக்கரில் ஒரு பிள்ளை சிரித்தது. மூச்சு வாங்கி, விக்கி விக்கிச் சிரிக்கிற சிரிப்பு. அது கவியின் சிரிப்பு. கவி நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் சிரிக்கலப்பா," என்றாள் சின்னக் குரலில்.

செழியன் படத்தை நிறுத்தினான். பிராட்பேண்ட் வயரைப் பிடுங்கினான். பச்சை விளக்கு அணைந்தது. பிறகு ஃபைலை அழிக்கப் போனான். கம்ப்யூட்டர் மறுத்தது. இதை வேறொரு நபர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்று அறிவிப்பு வந்தது. வழக்கமாக வரும் அறிவிப்புதான். ஆபீசிலும் எத்தனையோ முறை அதைப் பார்த்திருக்கிறான். வயரைப் பிடுங்கிய பிறகு வேறு நபர் எங்கிருந்து வந்தார் என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை.

நின்றிருந்த படத்தைப் பார்த்தான். அது நிற்கவில்லை. நடிகர்கள் எல்லாம் அப்படியே உறைந்திருக்க, அடியில் இருந்த தலைகள் மட்டும் லேசாக, மூச்சு விடுகிற அளவுக்கு ஏறி இறங்கின. நீளக் கழுத்து பாதி திரும்பியிருந்தது. ஒரு கன்னம் தெரிந்தது. அந்தக் கன்னத்துக்குமேல் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

"கவி, நீ மாடிக்குப் போ. காசியம்மா ஆன்ட்டி கூட நின்னுக்கினு தீபம் பாரு. அப்பா வந்துடறேன்."

வீட்டுக்காரி காசியம்மாள் மேல் போர்ஷனில் இருந்தாள். மொட்டை மாடியில் அவளும் தெருப் பெண்களும் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தார்கள். கவி ரெட்டைச் சடையும் சிவப்பு ரிப்பனும் ஆடப் படியேறும் சத்தம் கேட்டது. அவர்கள் பேச்சோடு பேச்சாக அவள் குரல் கலந்ததையும் கேட்டான். அதன் பிறகுதான் மூச்சு வந்தது.

அப்போதுதான் அவனுக்கு டிஸ்க் ஞாபகம் வந்தது.

இந்தப் பாழாய்ப் போனது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற வரை மாறிக்கொண்டேதான் இருக்கும். டிஸ்க்கில் எழுதிவிட்டால்? எழுதியது எழுதியதுதான். அதற்குமேல் ஒரு தலை கூடாது, ஒரு தலை திரும்பாது. பிடித்து அடைத்து, பிறகு சுத்தியலால் ஒரே போடு. நினைக்க நினைக்க அது நியாயமாகவே பட்டது. இத்தனை வருஷம் டிஸ்க் பார்த்தவனுக்கு அதைவிட நல்ல யோசனை எப்படி வரும்? அலமாரியிலிருந்து ஒரு காலி டிஸ்க்கை எடுத்துப் போட்டான். சுத்தியலை மேஜைமேல் வைத்தான். எழுதச் சொல்லி அமுக்கினான். பெட்டிக்குள் டிஸ்க் சுழல ஆரம்பித்தது.

வெளியே வெளிச்சம் மங்கியது. மலையில் தீபம் தெரியும் வரை வீட்டில் விளக்குப் போடக் கூடாது. அதனால் தெருவே ஒவ்வொரு வீடாக இருட்டிக்கொண்டு வந்தது. செழியனும் ஸ்விட்சைத் தொடவில்லை. கம்ப்யூட்டர் திரையின் நீல வெளிச்சம் மட்டும் அவன் கைகளில் விழுந்தது. மாடியில் பேச்சு அடங்கியது. ஒலிபெருக்கி அடங்கியது. அத்தனை லட்சம் சனமும் மலை உச்சியைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. டிஸ்க் சுழலும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

எவ்வளவு எழுதியாயிற்று என்று திரையில் காட்டும் பச்சைக் கோடு பாதி தாண்டியது.

பின்னால் கொலுசுச் சத்தம்.

"அப்பா, ரிப்பன் கழண்டுடுச்சு."

"ஏம்மா எறங்கி வந்த?"

"ஆன்ட்டிக்குக் கட்டத் தெரியல. நீ கட்டு."

திரும்பினால் கோடு நின்றுவிடும் என்று ஏனோ தோன்றியது. கண்ணை எடுக்கப் பயந்தான். திரையின் கண்ணாடியில் தன் தோளுக்குப் பின்னால் அவளுடைய நிழல் சின்னதாகத் தெரிந்தது. ஒரு பக்கம் மடித்த சடை. மறுபக்கம் அவிழ்ந்து தொங்கியது.

"இரும்மா. முடியப் போவுது."

"அப்பா."

"இருன்னு சொன்னேன்ல."

அந்த வாடை மறுபடி வந்தது. இம்முறை அது பின்னாலிருந்து வந்தது.

கோடு கடைசி வரை ஓடியது. அதே நேரம் வெளியே ஊரே வெடித்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" தெருத் தெருவாக, மாடி மாடியாக, மலையடிவாரம் வரைக்கும் ஒரே குரல். பெட்டி வாயைத் திறந்து டிஸ்க்கை வெளியே நீட்டியது.

செழியன் திரும்பினான்.

நாற்காலிமேல் சிவப்பு ரிப்பன் கிடந்தது.

ஹாலில் இல்லை. சமையலறையில் இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. ரிப்பனை எடுத்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான். மலை உச்சியில் தீபம் எரிந்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கவியா?" காசியம்மாள் விளக்கேற்றக் குனிந்தவள் நிமிர்ந்தாள். "அப்பவே ரிப்பன் கட்டிக்கணும்னு கீழ எறங்கிச்சே தம்பி. உன்கிட்ட வரலியா?"

வந்தாள்.

படிகளில் விழுந்தடித்து இறங்கினான். தெருவில் ஓடிப் பார்த்தான். சந்தில் பார்த்தான். தண்ணீர்த் தொட்டிக்குள் பார்த்தான். "கவி! கவி!" அரோகரா சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. கடைசியில் அவன் பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

டிஸ்க்கை எடுத்தான். சூடாக இருந்தது. ஹாலில் இருந்த டிவிடி பிளேயரில் போட்டான்.

படம் ஓடியது. தலைகள். வழுக்கை. கொண்டை. தொப்பி. காது. தூங்குமூஞ்சி. நடுவில் நீளக் கழுத்து.

அதன் பக்கத்தில் ஒரு சின்னத் தலை.

ஒரு சடை மடித்துக் கட்டியிருந்தது. ஒரு சடை அவிழ்ந்திருந்தது.

அவன் டிவியின் முன்னால் மண்டியிட்டான். கண்ணாடியைக் கையால் அறைந்தான். சின்னத் தலை திரும்பியது. வெள்ளித்திரை வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழ, கவி அவனையே பார்த்தாள். அழவில்லை. கொஞ்சம் சலிப்புதான் இருந்தது முகத்தில்.

"மறைக்காதப்பா."

மேஜைமேல் சுத்தியல் இருந்தது. அதை எடுத்துத் தோட்டத்துப் பக்கம் ஜன்னல் வழியாக வீசினான். இனி இந்த டிஸ்க்கில் யார் கையும் படக் கூடாது. ஒரு கீறல் விழக் கூடாது.

வாசலில் கிளி கத்தியது. "என்னங்க, இன்னும் வெளக்கு ஏத்தலியா? கவி எங்க? கூட்டத்துல நடந்து நடந்து காலே போச்சு." வள்ளி அகல் விளக்குகள் இருந்த பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கி மறுபடி ஆரம்பித்திருந்தது. யாருடைய பிள்ளையோ கிடைத்துவிட்டதாம்.

திரையில் கவி மறுபடி படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த நீளக் கழுத்து மெதுவாக அவள் பக்கம் சாய்ந்தது. எலும்பு எலும்பாக இருந்த இரண்டு கைகள் எழுந்தன. அவசரமே இல்லாமல், வலிக்காமல், அவிழ்ந்த சடையைப் பின்னி, மடித்து, ஒரு ரிப்பனால் பூப்போல முடிச்சுப் போட்டன.

அவன் தன் கையை விரித்துப் பார்த்தான். ரிப்பன் இல்லை.