பாட்டு மாடியில் விழுந்த துளை

அழகியநம்பியின் அலுவலகத்துக்குள் நுழைந்து குடையை மடக்குவதற்கு முன்பே லலிதாம்பாள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். கோட்டைப் பகுதியில் இருக்கும் தன் வீட்டு மொட்டைமாடியில் அவள் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கிறாள். அங்கே புதிதாக ஷீட் கூரை போட்டுக் கொடுத்தவர் வள்ளியூர்க்காரர் பிச்சைக்கனி. நிறம் சரியில்லை என்று அவள் கடுமையாகப் பேச, அவர் முகம் சுண்டிப் போனதாம். போன வாரப் புயல்மழையில் ஒரே ஒரு துளை வழியாகத் தண்ணீர் கொட்டி, தம்புராவின் குடம் வெடித்துவிட்டது.

"கோபத்துல வேணும்னே ஓட்டை போட்டுட்டுப் போயிட்டான். தெரு குரூப்லயும் எழுதிட்டேன். கோர்ட்டுக்குக் குடுக்க உங்க கையால ஒரு சர்டிபிகேட் வேணும்."

இன்சூரன்ஸ் சேத மதிப்பீட்டிலேயே தலை நரைத்தவர் அழகியநம்பி. பார்க்காமல் எதையும் எழுதித் தரமாட்டார். உதவியாளர் சுஜாவுடன் போனார். சுஜா ஏணியில் ஏறிக் கூரையைப் பார்த்தாள்.

"பக்கத்து வீட்டுத் தென்னையில ஒரு ராட்சசன் சிக்கிக்கிட்டு நம்மளையே மொறைக்கான், சார். கேஸை இவன் மேல போட்டிரலாமா?"

அவர் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் படம் எடுக்கச் சொன்னார். பிறகு ஷீட்டைப் பற்றிக் கேட்டார். ஸ்க்ரூ எல்லாம் ஷீட்டின் மேட்டில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வாஷர். துளை மட்டும் தண்ணீர் ஓடும் பள்ளத்தில், கீழே ஷீட்டைத் தாங்கும் இரும்புக் குழாயை ஒட்டி இருந்தது. அதைச் சுற்றி வெள்ளைப் பசை காய்ந்திருந்தது.

"விளிம்பைத் தொட்டுப் பார்."

"மேல பாத்து கூரா நிக்குது, சார். கடுப்புல அடிச்சதுதான்."

அழகியநம்பி கீழே இறங்கி வந்தார். லலிதாம்பாளையும், அவளுடன் இருக்கும் அண்ணன் மகன் ஹரிகுமாரையும் கூடத்தில் உட்காரச் சொன்னார்.

"கூரைக்காரர் மேலே நின்னு கீழே பாத்துத் துளைப்பார், மாமி. விளிம்பு கீழே மடங்கும். இது மாடிக்குள்ள நின்னு மேலே பாத்துப் போட்ட துளை. கூரை முடிஞ்சதும் திருஷ்டி பொம்மை வெச்சீங்களா?"

"வைக்காம இருப்பாளா? வர்றவாளெல்லாம் கூரையையே பாத்தா. ஹரிதான் வெச்சான். அது காத்துல..."

அவள் பாதியில் நிறுத்தினாள். சுஜா எடுத்த படத்தை அழகியநம்பி மேசைமேல் வைத்தார். தென்னையில் சிக்கிய பொம்மையின் அடியில் ஒரு கம்பி தொங்கியது. அதன் நுனியில் வெள்ளைப் பசைக் கட்டி.

ஹரிகுமார் தரையைப் பார்த்தபடி மலையாளம் கலந்த தமிழில் பேசினான். "கம்பியை உள்ளே இறக்கிக் குழாயில கட்டறதுக்காக ஒரு ஹோல் போட்டேன், அத்தை. பசை வெச்சு அடைச்சும் இருந்தேன். நீங்க அவரைத் திட்டி எழுதினப்போ சம்சயம் வந்தது. பறயறதுக்குத் தைரியம் வரல்லை."

 லலிதாம்பாள் தானே போனை எடுத்துப் பிச்சைக்கனியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள். தப்பு தன் வீட்டுடையது என்றும், தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிடுவதாகவும் சொன்னாள். எதிர்முனையில் தட்டுகள் உரசும் ஓசை கேட்டது.

"இருக்கட்டும்மா. கூரை போடப் பேசி வெச்சிருந்த வீட்டுக்காரவ எல்லாம் நீங்க எழுதினதப் பாத்துட்டு வேண்டாம்னுட்டாவ. இப்போ தம்பானூர்ல ஓட்டல்ல சப்ளைக்கு நிக்கேன். அந்த ஓட்டையில ரப்பர் வாஷர் வெச்சு ஒரு ஸ்க்ரூ அடிச்சாப் போதும். ஒழுகாது."

"நீயே வந்து அடிச்சுக் குடுப்பா."

"ஏணிய வித்துட்டேம்மா."

அங்கே யாரோ நெய்ரோஸ்ட் கேட்டு அவரைக் கூப்பிட்டார்கள். போன் நின்றது. வெளியே மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. ஹரிகுமார் வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.