ஓர் ஆள் அகலம்

வைஃபை சரிபார்ப்பவர் வந்தபோது காலை பதினொரு மணி. தோளில் பை, கையில் சின்ன ஏணி, எதைக் கேட்டாலும் நாக்கு நுனியில் ஒரு பதில். பழைய வீட்டைப் பார்த்தாலே அவருக்குக் காரணம் தெரிந்துவிடுமாம். சுவர் கனம், நெட்டு பாவம் என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மாதம் முன்பு இந்த வீட்டுக்குக் குடிவந்ததே பின்னறைக்காகத்தான். கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் துளியும் வராது. கணினி வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர அதைவிட நல்ல இடம் அமையாது. ஆனால் அந்த அறையில் மட்டும் நெட்டு வரும், போகும். பாதிப் பாடத்தில் அவள் முகம் திரையில் உறைந்துவிடும். மேற்பார்வையாளர் வகுப்பைப் பார்க்க வந்த இரண்டு தடவையும் அப்படித்தான் ஆனது. இன்று நாலு மணிக்கு மூன்றாம் தடவை பார்க்கப்போகிறார். இன்றும் அறுந்தால் வகுப்பு வேறொருவர் கைக்குப் போய்விடும். கணவருக்கு வேலை போய் அரை வருடம் ஆகிறது. குடும்பம் இப்போது அவள் தொண்டையை நம்பித்தான் ஓடுகிறது.

சரிபார்ப்பவர் ஹாலில் இருந்த ரவுட்டரைத் தூக்கி அலமாரி மேல் வைத்தார். நிலைக்கண்ணாடியை நகர்த்தினார். பிறகு போனில் சிக்னலைப் பார்த்தபடி பின்னறைக்குள் அடிமேல் அடி வைத்து நடந்தார். வாசலில் நாலு கோடு. ஜன்னலோரம் நாலு கோடு. நாற்காலிக்கு நாலடி முன்னால் ஒன்றுமே இல்லை. டீச்சரிடம் சாக்பீஸ் வாங்கி, சிக்னல் கோடு காணாமல் போகிற இடத்தையெல்லாம் தரையில் குறித்தார். குறித்து முடித்ததும், குனிந்தது குனிந்தபடியே இருந்தார்.

தரையில் ஒரு வட்டம். குறுக்கே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. போனைத் தலைக்கு மேலே தூக்கினால் அதே இடத்தில் நாலு கோடும் வந்தது. கீழே இறக்கினால் போனது.

"சுவர் இப்படி மறைக்காது டீச்சர்," என்றார், குரலைத் தாழ்த்தி. "நடுவுல ஆள் நின்னாதான் இப்படி இருக்கும். உடம்புல பாதிக்கு மேல தண்ணிதானே, சிக்னலைக் குடிச்சிடும்."

வீட்டோடு ஓர் ஆளையும் சேர்த்தே வாடகைக்கு விட்டுவிட்டார்களா என்று கணவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

ரவுட்டரைப் பின்னறைக்குள்ளேயே கொண்டுவந்து இடப்பக்கச் சுவரில் மாட்டிப் பார்த்தார்கள். வட்டத்துக்குள் நாலு கோடும் வந்துவிட்டன. இப்போது நாற்காலிக்கு இடப்பக்கம் காலி. மறுபடியும் ரவுட்டருக்கும் நாற்காலிக்கும் நடுவில்.

முன்பைவிட ஓரடி கிட்டே.

நனைந்த துணியை உலர்த்தாமல் மடித்துவைத்த வாடை ஒன்று அறையில் மெல்லப் பரவியது. மூவருக்கும் அது தெரிந்தது. ஜன்னல் திறந்திருக்கிறதா என்று மூவருமே பார்த்தார்கள். திறந்துதான் இருந்தது.

தனக்குப் பயமில்லை என்று காட்டுவதற்கோ என்னவோ, சரிபார்ப்பவர் பையிலிருந்து மூன்று துணைப் பெட்டிகளை எடுத்தார். சிக்னலை வாங்கித் திரும்பப் பரப்புகிற பெட்டிகள். ரவுட்டர் இல்லாத மற்ற மூன்று சுவர்களிலும் மூன்றையும் மாட்டினார். நாலா பக்கமும் அடைத்துவிட்டால் எதுதான் குறுக்கே நிற்கும் என்றார். தொழில் தெரிந்தவர் செய்த தப்பு அதுதான். நிற்க இடமில்லாமல் செய்ய அவருக்குத் தெரிந்தது. இடமில்லாதது எங்கே போகும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

அறை முழுக்க நாலு கோடு. டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விட்டாள். அவளுக்குக் காட்டுவதற்காக அவர் போனை அவள் பக்கம் நீட்டினார்.

மூன்று கோடு.

ஒன்று.

ஒன்றுமில்லை.

எழுந்து ஹாலுக்கு வரச் சொன்னார். வந்தாள். நாற்காலியருகே நாலு கோடும் நிறைந்தன. ஹாலில் அவள் தோளருகே காலியாகின. அவள் நின்ற இடத்தில் கணவரை நிறுத்திப் பார்த்தார். நாலு கோடு. கணவர் ஆறுதலாக அவள் தோளில் கை வைத்தவர், வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

"கணினிகிட்ட போகாதீங்க டீச்சர்," என்று சரிபார்ப்பவர் முணுமுணுத்தார். "தள்ளி நின்னே பாடம் நடத்துங்க." ஏணியை எடுக்காமலே போய்விட்டார்.

நாலு மணிக்கு அவள் கதவோரம் பலகையை வைத்துக்கொண்டு, கணினியிலிருந்து பத்தடி தள்ளி நின்றாள். திரையில் பன்னிரண்டு கட்டங்களில் பன்னிரண்டு பிள்ளைகள், மூலையில் மேற்பார்வையாளர். பின்னப் பாடம். குரலை உயர்த்திப் பேசினாள். படம் உடையவில்லை.

கால் மணி நேரம் கழித்து, காலையிலிருந்தே பிடரியில் ஒட்டியிருந்த குளிர் விலகியது. வாடையும் போயிற்று. அப்பாடா என்று நிமிர்ந்தவள் திரையைப் பார்த்தாள்.

முதல் கட்டத்துப் பையன் பாதிக் கொட்டாவியில் உறைந்திருந்தான். இரண்டு மூச்சு நேரம். பிறகு அசைந்தான்.

அடுத்த கட்டம் உறைந்தது.

அதற்கடுத்தது.

யாரோ வீடு வீடாக நின்று எட்டிப் பார்த்துவிட்டு நகர்கிற மாதிரி.

கடைசிக் கட்டத்தில் முன்பல் விழுந்த சின்னவள் இருந்தாள். எல்லாரும் வாலு என்று கூப்பிடுகிற பிள்ளை. அவளும் உறைந்தாள். திரும்ப அசையவில்லை.

ஓடிப்போய்க் கணினியை அணைத்திருக்கலாம். பத்தடிதான். மேற்பார்வையாளர் தலையாட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் பலகைப் பக்கம் திரும்பி, பன்னிரண்டில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு என்று கேட்டாள். அந்த நேரத்தில் பிள்ளையைவிட வேலைதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அது அவளுக்கே தெரிந்தும் இருந்தது.

வேலை நிலைத்தது. இப்படித் தெளிவாக நடந்த வகுப்பைப் பார்த்ததில்லை என்று மேற்பார்வையாளர் பாராட்டினார். போனைத் தோளருகே பிடித்துப் பார்த்தாள். நாலு கோடு. கணவர் தயங்காமல் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் வாலுவின் அம்மா கூப்பிட்டார். நேற்று வகுப்பிலிருந்தே பிள்ளையின் அறையில் சிக்னல் நிற்கவில்லையாம். வீடு முழுக்க நன்றாக இருக்கிறதாம். பிள்ளையிடம் போனால்தான் போய்விடுகிறதாம்.

"அதுகூடப் பரவால்ல டீச்சர். நேத்துலேருந்து நாற்காலியில பாதியிலதான் உட்காருறா. நல்லா நகர்ந்து உட்காருடின்னா கேக்க மாட்டேங்குறா. உங்க வீட்டுலேருந்து வந்தவங்களுக்கு இடம் வேணுமாம்."

அழைப்பு அறுந்துவிடாதா என்று டீச்சர் ஏங்கினாள். அந்தப் பக்கத்துக் குரல் ஒரு சொல்கூட உடையாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.