என் குறியில நிக்கிற, செல்லம்

பழைய தேவாலயம் ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தார்கள். ஈலிங் பக்கம் இப்படி நிறைய உண்டு. கிளெனிஸ் பார்டோ மழைக்கோட்டை உதறிக்கொண்டு உள்ளே வந்தபோது பிற்பகல்தான், ஆனால் நவம்பர் மாதம் என்பதால் அதற்குள் இருட்டிவிட்டிருந்தது. உள்ளே ஈரக் கல்லின் வாடை.

ஒலிப்பதிவாளர் நைஜல் தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். தலை நரைத்த ரசிகர். 'நட்சத்திரக் கலங்கரை' தொலைக்காட்சித் தொடர் அறுபது வருடத்துக்குப் பிறகு புதுப்பித்த டிவிடி வட்டுகளாக வருகிறது. விண்கலத்தின் வழிகாட்டி ஈராவாக நடித்த கிளெனிஸ், படம் ஓட ஓடப் பழைய கதைகளைப் பேச வேண்டும். அந்தப் பேச்சும் வட்டில் சேரும்.

"எங்கப்பா டிவி முன்னாடி மைக்கைப் பிடிச்சு ஒவ்வொரு வாரமும் டேப் பண்ணுவாரு. மேவிஸ் குரல் இன்னும் எங்கிட்ட இருக்கு. ஆகா, என்ன குரல்!" என்றார் நைஜல்.

கிளெனிஸின் வயிறு பற்றி எரிந்தது.

மேவிஸ் டிரான்டர்தான் முதல் ஈரா. தொடரின் நடுவில் இறந்துபோனாள். அவள் இடத்துக்கு வந்தவள் கிளெனிஸ். அந்தக் காலத்தில் வீடியோ நாடாவுக்கு விலை அதிகம். அதனால் மேவிஸின் காட்சிகளை அழித்து, அதே நாடாக்களில் கிளெனிஸைப் பதிவு செய்தார்கள். மேவிஸின் முகம் ஒரு நொடிகூட மிஞ்சவில்லை. அதுவே அவளுக்கு வசதியாகப் போயிற்று என்று கிளெனிஸ் பொருமுவாள். முகமே இல்லாதவள் மோசமாக நடித்தாள் என்று யார் சொல்ல முடியும்? ரசிகர்கள் இன்றைக்கும் 'அசல் ஈரா' என்று அவளுக்காகத்தான் உருகுகிறார்கள்.

கண்ணாடி அறைக்குள் போய்க் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திரையில் அவளுடைய முதல் பகுதி ஓடியது. வெள்ளி உடுப்பில் இளம் கிளெனிஸ், தரையில் சாக்குக்கட்டியால் போட்ட குறியின் மேல் நின்றாள். அந்தக் குறியில் நின்றால்தான் காமிராவுக்குத் தெரியும். ஓரடி தள்ளினால் ஆளே இல்லை.

"மேவிஸ் பாவம், ரெண்டு வரி சேர்ந்தாப்புல வராது அவளுக்கு," என்றாள் கிளெனிஸ் மைக்கில். "நான் வந்தப்புறம்தான் தொடரே நிமிர்ந்துச்சு."

பச்சைப் பொய். சொல்லச் சொல்ல இனித்தது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. வயலட் பூ மிட்டாய். சிகரெட் நாற்றத்தை மறைக்க மேவிஸ் ஓயாமல் மெல்லும் மிட்டாய்.

காதுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

"என் குறியில நிக்கிற, செல்லம்."

மேவிஸ் எல்லாரையும் செல்லம் என்றுதான் அழைப்பாள். ஒருத்தர் பெயரும் அவளுக்கு நினைவில் நிற்காது.

"நைஜல், நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நைஜல், 'இல்லை' என்று தலையாட்டினார்.

திரையில், கலத்தின் கதவு நிழலில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அந்தக் காட்சியில் கிளெனிஸைத் தவிர யாரும் கிடையாது. அன்றைக்கு நடித்தவளுக்குத் தெரியாதா?

இளம் கிளெனிஸ் வசனத்தை நிறுத்தினாள்.

திரும்பிப் பார்த்தாள்.

மெல்லக் குறியை விட்டு விலகினாள்.

"விலகாதே!" என்று கிளெனிஸ் கத்தினாள். "அது என் இடம்டி! நில்லு!"

காமிரா அவள் பின்னால் போகவில்லை. காலியான குறியையே பார்த்தபடி நின்றது. கதவு நிழலில் இருந்தவள் நிதானமாக நடந்து வந்து அதன் மேல் நின்றாள். எதையோ மென்றுகொண்டிருந்தாள். முகத்தை நிமிர்த்தி, கண்ணாடி அறைக்குள் இருந்த கிழவியைப் பார்த்துச் சிரித்தாள்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. கிளெனிஸ் ஹெட்போனைக் கழற்றி வீசினாள். நைஜல் கதவைத் திறந்தார். கண்களில் ஈரம்.

"பிரமாதம்! அந்தக் குறியில வந்து நிப்பீங்களே, அந்த இடத்துல எனக்கு இப்பவும் புல்லரிக்கும்." வட்டின் அட்டையையும் பேனாவையும் நீட்டினார். "எனக்கு ஒரு கையெழுத்து போட்டுக் குடுப்பீங்களா?"

அட்டையில் வெள்ளி உடுப்புக்காரியின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு கையெழுத்திட்டாள்.

நைஜல் அதைப் படித்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"ரொம்ப நன்றி, மேவிஸ்," என்றார். "ஆமா, உங்களுக்கு முன்னாடி ஈராவா ஒரு பொண்ணு நடிச்சாங்களே, செத்துக்கூடப் போயிட்டாங்களே, அவங்க பேரு என்ன? ஒரு காட்சிகூட மிஞ்சல, பாவம். அப்பா டேப்ல குரல் மட்டும் இருக்கு."

கிளெனிஸ், கிளெனிஸ் என்று மனசு அலறியது. அவள் வாயைத் திறந்தாள். நாக்கில் வயலட் இனிப்பு கரைந்தது.

"பேரெல்லாம் எனக்கு எங்க ஞாபகம் இருக்கு, செல்லம்," என்றாள்.