மூன்றாவது சிவப்பு

கோவில்பட்டி மண்டபத்தில் காலை ஆறு மணிக்கே கேமராவைத் துடைத்து ஸ்டாண்டில் ஏற்றிவிட்டேன். பேருக்குத்தான் நான் போட்டோகிராபர். இந்தப் புது டிஎஸ்எல்ஆரில் அமுக்கப் பொத்தானே கிடையாது. ‘சம்மத உணரி’ என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். பொண்ணு மாப்பிள்ளை முகத்தில் மனசார மகிழ்ச்சி தெரிந்தால் ஷட்டர் தானாகத் திறக்கும். படம் நேராகப் பதிவு அலுவலகத்துக்குப் போய்விடும், அழிக்க முடியாது. அது இல்லாமல் கல்யாணம் செல்லாது. கட்டாயக் கல்யாணத்தைத் தடுக்க வந்த சட்டம்.

அலங்கார அறையில் மணப்பெண் செண்பகம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கேமரா மூன்று முறை மறுத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். பதிவு அலுவலர் வந்து பெண்ணைத் தனியாக விசாரிப்பார், வேண்டாம் என்றால் அவரே பாதுகாப்பாகக் கூட்டிப்போவார் என்றேன்.

“எனக்கு அது போதும்ணே. அப்பா போனைப் பிடுங்கி ரெண்டு மாசம் ஆச்சு. வீட்டை விட்டு வெளியே விடல. நான் சிரிக்க மாட்டேன். நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது என்று சத்தியம் செய்தேன்.

மாலை மாற்றியதும் இருவரையும் நிறுத்தினேன். பெண் கல்லாட்டம் நின்றாள். கேமராவில் சிவப்பு விளக்கு. அப்பா வந்து அவள் காதில் ஏதோ முணுமுணுத்தார். மறுபடியும் சிவப்பு. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் ஒரே ஒரு சிவப்பு, பிள்ளை தப்பித்துவிடும்.

மண்டபமே கப்சிப். மாப்பிள்ளை பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றான். அப்படி நிற்கிற எல்லா மாப்பிள்ளைகளிடமும் முப்பது வருஷமாகச் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. பாழாய்ப்போன நாக்கு, நான் யோசிப்பதற்குள் அதைச் சொல்லிவிட்டது.

“மாப்பிள்ளை, இப்பவே மூச்சை விட்டுக்கோங்க. இனிமே வீட்ல கேட்டுட்டுத்தான் விடணும்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தான். செண்பகம் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. களுக்கென்று சிரித்துவிட்டாள். ஒரு நொடிதான். கிளிக் என்றது கேமரா. பச்சை விளக்கு.

பதிவு அலுவலகத்துக்கு போன் போட்டுக் கதறினேன். சார், அது ஜோக்குக்குச் சிரித்த சிரிப்பு, கல்யாணத்துக்கு இல்லை என்றேன். கேமரா பொய் சொல்லாது என்று போனை வைத்துவிட்டார்கள். அதற்குள் கெட்டிமேளம் கொட்டிவிட்டது.

தாலி ஏறிய பிறகு அவள் என் பக்கம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. கேமராத் திரையில் தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நல்லா வந்திருக்காண்ணே?”

“நல்லா வந்திருக்கும்மா” என்றேன். பொய்யில்லை. என் வாழ்க்கையிலேயே நல்ல படம் அதுதான்.