அலர்ஜிதாங்க

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாவியைக் கொடுத்துவிடுவதாக வீட்டை வாங்கியவரிடம் சொல்லியிருந்தேன். நானும் என் மனைவியின் தங்கையும் சாமான்களைக் காலி செய்யப் போய் இறங்கியபோது மணி இரண்டு. மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த வீடு. தூசி நெடி அடிக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கதவைத் திறந்தேன்.

தூசி நெடி இல்லை. கண்ணுக்குள் போடுகிற லென்ஸை ஊறவைக்கிற சொல்யூஷன் வாசனை வந்தது.

அந்த வாசனையை எனக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம். இருபது வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஆள் படியேறும்போதே, லென்ஸ் போட்ட கண்ணா, வெறும் கண்ணா என்று சொல்லிவிடுவேன். ஒரே ஒரு கண்ணாடி போதும் என்று வருகிறவருக்கு, வெயிலுக்கு ஒன்று, படிக்க ஒன்று, தொலைந்தால் இருக்கட்டும் என்று இன்னொன்று கட்டி அனுப்புகிற வாய் என்னுடையது. சண்டைக்கு வந்தவர்கூடச் சிரித்துக்கொண்டுதான் படியிறங்குவார்.

வீட்டிலும் அதே வாயைத்தான் வைத்திருந்தேன்.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து பதினோரு நாள் இருந்தது. அது போன பிறகு தொட்டிலைக் கழற்றிச் சின்ன அறையில் போட்டுப் பூட்டினேன். "இதைப் பத்தி இனிமே பேச வேணாம்" என்றேன், பேரம் படிந்துவிட்டது என்கிற தொனியில். மனைவியும் தலையாட்டினாள். ஒரு வாரம் கழித்துக் கண் இரண்டும் சிவந்து வீங்கி என் முன்னால் வந்து நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"என்ன, லென்ஸ் ஒத்துக்கலையா? அலர்ஜியா இருக்கும்."

புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க. அலர்ஜிதாங்க."

அந்த வார்த்தையை அவள் கையில் எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

அப்புறம் இரண்டு வருஷம் வைத்தியம். லென்ஸை மாற்றினேன், சொல்யூஷனை மாற்றினேன். சொட்டு மருந்து, ஈரத்துணி ஒத்தடம். திரைச்சீலை, கம்பளம், பஞ்சுத் தலையணை எல்லாம் வெளியே போயின. பக்கத்து வீட்டுப் பூனை வருவதையும் நிறுத்தினேன். அவள் மடியில் படுத்துத் தூங்கிய ஒரே உயிர் அது. டாக்டரிடம் போகலாம் என்றால், "கண்ணாடிக் கடையையே கட்டிக்கிட்டேன், டாக்டர் வேற எதுக்கு?" என்று சிரிப்பாள். டார்ச் அடித்துப் பார்க்கப் போனால் கூசுகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நடக்கும்போது அடிக்கடி நிலைக்கதவில் இடித்துக்கொள்வாள். "கண்ணாடிக்காரன் பொண்டாட்டியே இப்படி முட்டிக்கிட்டா வியாபாரம் என்னத்துக்கு ஆகும்?" என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

தினமும் காலையில் குளியலறை ஜன்னலில் அவளுடைய லென்ஸ் டப்பி ஈரமாக இருக்கும். போட்டுக்கொண்டு விட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால், பட்டப்பகலில், ரோட்டைக் கடக்கும்போது லாரியில் அடிபட்டுப் போய்விட்டாள்.

"என்னைப் பார்த்துக்கிட்டேதான் சார் வந்தாங்க" என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

மச்சினி பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் குளியலறைக்குப் போனேன். டப்பி ஜன்னலிலேயே இருந்தது. இடப்பக்கத்து மூடி எப்போதோ விரிசல் விட்டது. நான்கு நாள் கவனிக்காவிட்டால் உள்ளே இருப்பது வற்றி, லென்ஸ் காய்ந்த வெங்காயத் தோலாகிவிடும்.

திறந்தேன்.

இரண்டு குழியும் விளிம்பு வரை நிறைந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு லென்ஸ், அன்றைக்குத்தான் வாங்கியதுபோல் மிருதுவாக மிதந்தது.

"லென்ஸ் ரெண்டும் இங்க இருக்கே" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. "அப்போ அன்னிக்கு உங்க அக்கா கண்ணுல என்ன இருந்துச்சு?"

மச்சினி வந்து வாசலில் நின்றாள்.

"மாமா, அக்கா லென்ஸ் போடறதை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு."

"டப்பி தினமும் ஈரமா இருக்குமே?"

"நீங்க பார்ப்பீங்கன்னு தினமும் சொல்யூஷனை மாத்தி வெப்பா. லென்ஸ் போட்டா அந்த ரூம் கதவு தெளிவா தெரியுதுடி, மங்கலா இருந்தா தேவலைன்னு சொன்னா. அலர்ஜியெல்லாம் ஒண்ணும் இல்லை மாமா. அழுதா. அவ்ளோதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்கதானே பேச வேணாம்னீங்க?"

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு இறங்கிப் போய்விட்டாள்.

படியேறுகிற எவர் கண்ணிலும் லென்ஸ் இருக்கிறதா என்று சொல்லிவிடுகிறவன், இரண்டு வருஷம் ஒரே தலையணையில் படுத்தவள் கண்ணைப் பார்த்ததே இல்லை. சிவப்பைத்தான் பார்த்திருக்கிறேன்.

லென்ஸ் விழாமல் டப்பியைக் கவிழ்த்து, துண்டால் ஒற்றி, மூடிகளைத் தனியாக எடுத்து வைத்தேன். வெளியே வந்து வெறும் கூடத்தில் உட்கார்ந்தேன். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் கிடந்தது.

கரக்.

மூடி திருகுகிற சத்தம். அவள் தினமும் காலையில் திருகுகிற சத்தம்.

கரக்.

இரண்டாவது மூடி.

எழுந்து போய்ப் பார்த்தேன். டப்பி மூடியிருந்தது. திறந்தால் விளிம்பு வரை நீர். விரலை விட்டேன். நாக்கில் வைத்தேன். லென்ஸ் சொல்யூஷனும் லேசாக உப்புத்தான் கரிக்கும்.

ஆனால் அது வெதுவெதுப்பாக இருக்காது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பூட்டிய சின்ன அறைக்குள், வாயில் துணியை அடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, அடுத்த அறைக்குக் கேட்டுவிடக்கூடாதே என்று அழுகிற அழுகை. எத்தனை நாள் இப்படி அழுதிருந்தால் அவ்வளவு நேர்த்தியாக வரும்?

கதவில் நெற்றியை வைத்தேன். இரண்டு வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"ஏம்மா அழறே?"

அழுகை சட்டென்று நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம், சரியாக என் காதுக்கு நேரே, மூச்சு.

"அழலைங்க. அலர்ஜிதாங்க."

சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. திறக்கத் தைரியம் வரவில்லை. அவள் உயிரோடு இருந்தபோதும் எனக்கு அது வரவில்லை. "என்கூட வந்துடும்மா" என்று மட்டும் கதவிடம் சொல்லிவிட்டு, டப்பியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த அறையைத் திறக்காமலே, ஐந்து மணிக்குச் சாவிக் கொத்தை நீட்டினேன்.

"வீட்டுல குறை ஏதாவது உண்டா சார்?" என்று கேட்டார் வாங்கியவர்.

"ஒண்ணும் இல்லை சார்" என்றது வாய். அதற்குப் பழக்கம்.

டப்பியை என் புது வீட்டுக் குளியலறை ஜன்னலில் வைத்தேன். தினமும் விடிந்ததும் போய்ப் பார்ப்பேன். நான்கே நாளில் வற்றியது. லென்ஸ் இரண்டும் சுருண்டு, தொட்டால் நொறுங்கின. அவள் என்னோடு வரவில்லை.

போன வாரம் வீட்டை வாங்கியவர் கடைக்கு வந்தார்.

"நல்ல சொட்டு மருந்தா ஒண்ணு குடுங்க சார். வீடு மாறினதுலேர்ந்து என் வீட்டம்மாவுக்குக் கண்ணு ஒழுகிட்டே இருக்கு. அந்தச் சின்ன ரூம் பக்கம் போனா இன்னும் ஜாஸ்தி. தூசி அலர்ஜின்னு நினைக்கிறேன்."

"லென்ஸ் போடுவாங்களா?"

"சேச்சே, கண்ணாடிகூடக் கிடையாது."

கை பழக்கதோஷத்தில் மருந்தை எடுத்தது. எடுத்ததைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

"ஏன் அழறீங்கன்னு அவங்களைக் கேட்டீங்களா சார்?"

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கடையில் வேறு யாருமில்லை. ஆனாலும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"கேட்டேன் சார். 'நான் அழலைங்க, என் கண்ணுல வேற யாரோ அழறாங்க'ன்னு சொல்றா."