படம் வராத இடத்தில்

அப்போதெல்லாம் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. இணையத்தில் ஆளுக்கொரு வாசற்பக்கம். வருகிறவன் அதில் படம் பார்ப்பான், குரல் கேட்பான், போய்விடுவான். தன் பக்கத்துக்குள் நம்மை விடாத ஒருவரைப் பேசியில் கூப்பிட்டால் பூட்டை உடைத்த மாதிரி.

தூத்துக்குடி சந்தியாகுவும் ஒன்று கட்டினார். கனடாவில் இருக்கும் மகள் பிரகாசி வருவாள் என்ற நப்பாசைதான். செத்துப்போன மனைவியின் படம். "வா தங்கம், கையக் கழுவிட்டு உக்காரு" என்று கூப்பிடும் அவள் குரல். இரண்டே சரக்கு.

பக்கத்தைக் கட்டித் தரும் பக்கநெய்வி இயந்திரம் கேள்வி கேட்டே உயிரை எடுத்தது.

"படத்தையும் குரலையும் ஊர்க்கிட்டங்கியில், எல்லாருக்கும் பொதுவான சேமிப்பில், வைக்கலாமா?"

"எம் பொண்டாட்டியக் கண்டவன் கிட்டங்கியில வைக்கவா? வீட்டுக் கணினிப் பெட்டியிலயே கெடக்கட்டும்."

பக்கம் ஊருக்கே இணையம் தரும் ஊர்க்கம்பத்தில் இருக்கும்; அதற்குள் படமும் கிடையாது, குரலும் கிடையாது. அவை இருக்கும் பெட்டியின் முகவரி மட்டும்தான். அங்கே போய் எடுத்து வந்து காட்டும்.

"அவை வராவிட்டால், அந்த இடத்தில் என்ன எழுத?"

"இங்க ஒண்ணும் இல்ல, போ."

"பதிந்தாயிற்று" என்றது நெய்வி. ஒழிந்தது சனியன் என்று எழுந்துவிட்டார்.

அந்தி சாய்ந்ததும் மெயினை அணைத்துவிட்டுப் படுப்பது அவர் வழக்கம். கரண்டை நம்பித் தூங்குகிறவன் கிறுக்கன் என்பார். விடிந்ததும் போட்டு, பெட்டியிலுள்ள வருகை எண்ணியைப் பார்ப்பார். சுழியம். தினமும் சுழியம். பெற்றவள் குரலைக் கேட்கக்கூட வரவில்லையே என்று மனசு வெந்தது.

கடைசியில் எண்ணிதான் பழுது என்று சொல்லி, பக்கம் பழுதுபார்க்கும் ஜெபக்கனியை வரவழைத்தார். அவள் பெட்டியைத் தொடவில்லை. ஊர்க்கம்பத்தில் பதிந்திருந்த போக்குவரத்தைப் பார்த்தாள்.

"மாமா, கனடாவுலருந்து தெனமும் ஒரு ஆளு வந்திருக்கு. நீங்க மெயின அணைச்ச பொறவு. அங்க அப்பத்தான் விடியுது. போன ஆடியோட நின்னுபோச்சு."

"அவ அம்மாவப் பாத்தாளா?"

"பெட்டி செத்துக் கெடந்தா எதப் பாக்க? எழுத்து மட்டும் தெரிஞ்சிருக்கும்."

"என்ன எழுத்து?"

ஜெபக்கனி வாசித்தாள்: "இங்க ஒண்ணும் இல்ல, போ."

"அது அந்த மிஷினப் பாத்துச் சொன்னது, புள்ள."

"ஒங்க மகளுக்கு அது தெரியுமா மாமா? பேசியில கூப்பிட்டுச் சொல்லுங்க."

"அவ பக்கம் இப்ப என்னைய உள்ள விடல."

அன்றைக்கு அவர் மெயின் பக்கமே போகவில்லை. பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

காலையில் எண்ணியில் ஒன்று. யாரென்று தொட்டுப் பார்த்தார்.

மகள் வந்தாளா என்று படுக்கும் முன் ஒரு தடவை பக்கத்தைத் திறந்து பார்த்தாரே, அவரேதான்.